நெட்டை கொடுத்து வைத்த பணம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலைக்குப் போவார்கள். ஒருவர் கூண்டின் தலைமேல் ஏறி நின்று கயிற்றையும் கதவையும் பார்ப்பார். இன்னொருவர் மொட்டை மாடியில், மெஷின் அறையில், மெயின் ஸ்விட்சை விட்டு நகராமல் நிற்பார். மேலே இருப்பவர் ஏதோ ஞாபகத்தில் ஸ்விட்சைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் அந்த வேலையில் ஜோடி மாறுவதை யாரும் விரும்புவதில்லை. இந்தக் கதையில் வருகிறவரும் அவருடைய நண்பரும் பத்தொன்பது வருடம் ஒரே ஜோடியாக இருந்தார்கள்.

நண்பருக்குக் கம்பெனியில் நெட்டை என்று பெயர். கூண்டுக்குள் நிமிர்ந்து நின்றால் மேல் விளக்கில் தலை இடிக்கும். இவருக்கு நெட்டை வைத்த பெயர் பிரேக். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டார். திருகிய போல்ட்டை மறுபடி தொட்டுப் பார்ப்பார், பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். "இவன் வீட்டைப் பூட்டிட்டு வேலைக்கு வர்றதுக்குள்ள லிஃப்ட்டுக்கே போரடிச்சு, தானா சரியாயிடும்" என்று நெட்டை சொல்லிச் சிரிப்பார். பிரேக் கோபித்துக்கொள்ள மாட்டார். நெட்டை கூண்டின் மேல் நிற்கும்போது அந்த இரண்டாவது பார்வைதான் தன் உயிருக்குக் காவல் என்பது நெட்டைக்கும் தெரியும்.

பிரேக் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம் ஒன்றின் நான்காவது மாடியில். பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். நாற்பது வயதிலேயே அவருக்கு முழங்கால் தேய ஆரம்பித்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பார். கிளினிக்குக்குப் பின் தெருவில் ஒரு கீழ்த்தள வீடு விலைக்கு வரப்போவதாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சின்ன சமையலறை, வாசலில் ஒரே ஒரு படி. அதற்கு முன்பணம் கட்டத்தான் இருவரும் பதினோரு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெட்டைக்கு மனைவி இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் நோயில் போய்விட்டார். ஒரே மகள். கட்டிடக்கலை படிக்கப் போகிறேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். அது ஐந்து வருடப் படிப்பு, கல்லூரியும் பெரியது, கட்டணமும் பெரியது. முதல் தவணையை மட்டும் கட்டி அவள் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நெட்டைக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. அப்போதே எல்லாம் கைமீறிப் போயிருந்தது. மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னார்.

பிரேக் வேலை முடிந்து தினமும் மருத்துவமனைக்குப் போவார். ஆறு கட்டில் போட்ட பொது வார்டு. நெட்டையின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நர்ஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அதன்மேல் தலையணை வைத்துக் கொடுத்திருந்தார். வார்டு வாசலுக்கு எதிரிலேயே லிஃப்ட். அது திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம். "கதவு ரோலர் தேஞ்சு போச்சு. ஒருத்தனும் பாக்க மாட்டேங்கறான்" என்று நெட்டை வலியோடு வலியாக அலுத்துக்கொள்வார். ஒருநாள் பிரேக் ஸ்குரூடிரைவரையும் புது ரோலரையும் பையில் போட்டுக்கொண்டு போய், யாரிடமும் கேட்காமல், காவல்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதை மாற்றிவிட்டு வந்தார். மறுநாள் கதவு சத்தமில்லாமல் திறந்ததை நெட்டை கவனித்தார். கட்டில் ஓரத்தைத் தட்டி, உட்காரச் சொன்னார்.

"பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்டா."

"என்ன?"

"அவ படிப்புக்குப் பணத்தை உங்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்னு."

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று பிரேக் நினைத்தார். "எப்ப குடுத்த?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடுக்கல."

பிறகு, மூச்சு வாங்க வாங்க, விஷயத்தைச் சொன்னார். மகள் பிறந்ததிலிருந்து அவள் படிப்புக்கென்று சேர்த்தது உண்மைதான். அது முழுக்க மனைவியின் வைத்தியத்தில் போய்விட்டது. அப்போது மகளுக்குப் பதிமூன்று வயது. டாக்டர்கள் கைவிரித்த பிறகும், எப்படியாவது அம்மாவைக் காப்பாற்றுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நெட்டை இன்னொரு பெரிய மருத்துவமனைக்கு மனைவியைக் கொண்டுபோனார். விலை உயர்ந்த ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் கூடுதலாக இருந்தார், அவ்வளவுதான். உன் படிப்புப் பணம் தனியாக, பத்திரமாக இருக்கிறது என்று மகளிடம் அன்று சொன்ன பொய்யை நெட்டை அதன் பிறகு மாற்றவே இல்லை.

"தெரிஞ்சா படிப்பை விட்டுடுவா. அதுகூடப் பரவாயில்ல. தான் அழுததாலதான் எல்லாம் போச்சுன்னு காலம் பூரா மனசுல வச்சுக்குவா. அது வேண்டாம்டா எனக்கு."

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ ரெண்டு தடவை யோசிச்சிருப்ப."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பிரேக் முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமல் அடங்கியதும் "சரி" என்றார். வாழ்க்கையில் ஒரே தடவை யோசித்துச் சொன்ன வார்த்தை அது. அதற்கு எவ்வளவு ஆகும் என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஒன்பதாவது நாள் நெட்டை போய்விட்டார். மருத்துவமனைக் கட்டணத்தில் பாக்கி இருந்ததையும், இறுதிக் காரியச் செலவையும் பிரேக்தான் கொடுத்தார். நெட்டையின் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் பணத்திலிருந்துதான் மாமா கொடுக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. மனைவி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடிக்கும். சின்ன வயதில் விடுமுறைக்கு இங்கேதான் வந்து கிடப்பாள், அத்தை அத்தை என்று காலைச் சுற்றுவாள். "மொத வருஷம் கட்டிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கடைசியில்.

முதல் வருடக் கட்டணம் போனதும் வீட்டுக்கான முன்பணம் பாதியாகிவிட்டது. கீழ்த்தள வீட்டுக்காரர் நல்ல மனிதர், இரண்டு மாதம் காத்திருந்தார். பிறகு ஒரு டயர் வியாபாரிக்கு விற்றுவிட்டார். மனைவி தினமும் கிளினிக்குக்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் வாசலில் டயர் அடுக்கியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். முழங்காலுக்கு அது கூடுதல் தூரம்.

கட்டணத்தோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். கட்டிடக்கலைப் படிப்புக்குக் கட்டணம் என்பது ஆரம்பம்தான் என்று போகப் போகத் தெரிந்தது. மாதிரிக் கட்டிடம் செய்ய அட்டை, மெல்லிய மரப்பலகை, பசை, விதவிதமான கத்தி. படுக்கை விரிப்பு அகலத்துக்குப் படம் அச்செடுக்க வேண்டும். அதில் ஒரு கோடு தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கம்ப்யூட்டரும் சாதாரணமானது போதாதாம். அவள் ஊதாரிப் பெண் இல்லை. விடுதியில் ஒருவேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அட்டை வாங்கியவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தவரை அது அப்பாவின் பணம், படிப்புக்கென்றே வைத்த பணம். கேட்க என்ன தயக்கம்?

இரண்டாவது வருடம் பிரேக் ஸ்கூட்டரை விற்றார். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்குத் தெரியாமல் கிடங்குகளிலும் பழைய ஓட்டல்களிலும் சரக்கு லிஃப்ட் பழுது பார்த்தார். தனி ஆளாக. மேலே ஸ்விட்சில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூண்டின் மேல் இறங்குவார். யாரோ போய்ச் சொல்லி, கம்பெனியில் விசாரணை வைத்து, அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவை அவரே இழுத்து விட்டுக்கொண்டார். மூன்றாவது வருடம் கட்டணம் கட்டப் போயிருந்தபோது கல்லூரி வாசலில் அந்தப் பெண், தயங்கித் தயங்கி, அப்பா மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மாமாவிடம் கையேந்துவது போல இருக்கிறது, மொத்தம் தெரிந்தால் அதற்குள் திட்டம் போட்டுக்கொள்வேன் என்றாள். படிப்பு முடிய வேண்டியது இருக்கிறதம்மா, கவலைப்படாதே என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அப்பா அதிகம் விட்டுவிட்டுப் போகவில்லை போல என்று அவள் நினைப்பதாக அவருக்குத் தோன்றியது. நெட்டையைச் சின்ன ஆளாகக் காட்ட மனசு வரவில்லை. வாயில் வந்த ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டார்.

"அவ்வளவா? அப்பா அவ்வளவா சேத்து வச்சிருந்தார்?" என்றாள் அவள். அப்பா இறந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததே இல்லை. திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வீட்டில் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் பிரேக் போடுகிற மனிதருக்கு வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்காமல் போய்விட்டதே என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல்.

அவள் நல்ல மதிப்பெண்ணோடு படிப்பை முடித்தாள். தூரத்து நகரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே அறை எடுக்க, முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்க, கைக்கு ஒரு தொகை தேவைப்பட்டது. அப்பாவின் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிரேக்கிடம் கேட்டாள். கொஞ்சம் நாள் கொடு என்றார். மறுபடி கேட்டாள். அடுத்த வாரம் என்றார். மூன்றாவது தடவை அவளே நேரில் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பா உங்களை நம்பித்தான் குடுத்தார் மாமா. எனக்குன்னு கேக்க வேற யாரும் இல்ல. அதனாலதான் நானே வந்து நிக்க வேண்டியிருக்கு."

மனைவி கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். வாயைத் திறந்தவரைப் பிரேக் ஒரு பார்வை பார்த்தார். மனைவி அந்தக் கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார்.

அவள் போன பிறகு இருவருக்கும் பெரிய சண்டை. அவர்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு சண்டை அதற்கு முன்னால் வந்ததில்லை. "செத்துப் போனவருக்கு நல்ல பேரு. உயிரோட இருக்கற உங்களுக்குத் திருட்டுப் பட்டமா?" என்று மனைவி கேட்டார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிரேக்குக்குத் தாங்கியிருக்கும். கடைசியில், இந்த விஷயத்தை அவளிடம் சொல்வதில்லை என்று மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, பி.எஃப். கணக்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஓய்வுக்கென்று இருந்தது அதுதான்.

பணத்தை வாங்கியதும் அந்தப் பெண் ஒரு தாளில், தன் தந்தை கொடுத்து வைத்திருந்த தொகை முழுவதும் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, உங்களுக்கும் அது நல்லதுதான் மாமா என்றாள். அவளுடைய எழுத்து, அச்சடித்தது போல, அத்தனை நேராக இருந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை.

ஐம்பத்தெட்டில் கம்பெனி பிரேக்குக்கு ஓய்வு கொடுத்தது. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மறு மாதமே அதே கம்பெனிக்கு, பாதிச் சம்பளத்தில், ஒப்பந்த ஆளாகத் திரும்பப் போனார். புது ஜோடி நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், ஆனால் வேலை நேரத்தில் வாய் திறக்க மாட்டார். கம்பெனி டிப்போவில் பழைய ஆட்கள் உட்கார்ந்து நெட்டையின் வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்கும்போது பிரேக் எழுந்து போய்விடுவார். நண்பனை நினைத்து வருத்தப்படுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். விஷயம் அது இல்லை. நெட்டை என்று யாராவது சொன்னால் அவருக்கு முதலில் அந்தத் தொகைதான் ஞாபகம் வந்தது. முகம் அதற்கு அப்புறம்தான் வந்தது. பத்தொன்பது வருடம் உயிரைக் கையில் கொடுத்து வைத்திருந்த மனிதனை நினைத்தால் வயிறு எரிகிறதே என்று அவருக்கே அவமானமாக இருந்தது. மெஷின் அறையில் தனியாக இருக்கும்போது சில சமயம் வாய்விட்டே சண்டை போடுவார். என்னிடம் கேட்டிருக்கலாம்ல, கேட்டிருக்கலாம்ல என்று.

அவள் வேலைக்குப் போய் இரண்டு வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சமையல் நடந்துகொண்டிருக்கும்போது, முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். தோழியின் வீட்டில் போட்டு வைத்திருந்த அப்பாவின் பெட்டியை இப்போதுதான் எடுத்துப் போனதாகச் சொன்னாள். பையிலிருந்து ஒரு வங்கிப் பாஸ்புக்கையும், ஒரு கட்டு மருத்துவமனை ரசீதுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா இறந்த மாசமே இதுல ஒண்ணும் இல்ல மாமா. அதுக்கப்புறம் சம்பளம் வந்திருக்கு, அப்படியே போயிருக்கு. உங்களுக்குக் குடுக்க அப்பாகிட்ட ஏது?"

பிரேக் ரசீதுகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அது வந்து, அப்பப்போ, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, எங்கே போய் முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

"எப்படியாவது அம்மாவைக் காப்பாத்துங்கன்னு நான்தான் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்" என்றாள் அவள். "ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது. நான் படிச்சது யார் பணத்துல மாமா?"

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பிரேக்கின் மனைவி ஏழு வருடமாகக் காத்திருந்தார். படியேறும்போதும், டோக்கன் கொடுக்கும்போதும், சுற்றுவழியில் நடக்கும்போதும் அதற்கான பதிலைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை தேட வேண்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தார். பிரேக் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி பேசட்டும் என்று இருந்துவிட்டார். வாக்கு வாங்க இனி அவருக்குத் தெம்பு இல்லை.

"பேங்க்ல போட்டா கைக்கு வந்துடும், செலவாயிடும்னு உங்கப்பா எங்ககிட்ட குடுத்து வச்சாரும்மா" என்றார் மனைவி. "ஓவர்டைம் காசு. அது எப்படி பாஸ்புக்குல வரும்? நீ சின்னப் புள்ளையா இருக்கும்போதிருந்து மாசா மாசம் குடுப்பார். நான்தான் கையால வாங்கி பீரோவுல வச்சேன்."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவா அத்தை?"

"அம்மாவுக்குப் பண்ணது வேற காசு. இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. நீ அழலைன்னாலும் உங்கப்பா அவங்களுக்குப் பாத்திருப்பார். அவரை எனக்குத் தெரியாதா?"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நம்பினாளா, நம்ப வேண்டும் என்று நம்பினாளா, அவர்களுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அழுகை நின்றதும், அன்றைக்கு எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் மாமா என்றாள். அது எங்கே கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும் என்றார் பிரேக். சாப்பிட்டுவிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிக்கக் கிளம்பினாள். மறு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்தாள்.

அன்றைக்கு அவள் இறங்கிப் போன காலடிச் சத்தம் அடங்கியதும் பிரேக் மனைவியைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்பதற்கு முன்பே மனைவியே சொன்னார்.

"சொல்லிடணும்னுதாங்க வந்து உக்காந்தேன். அந்தப் புள்ள கேட்ட கேள்வியைக் கேட்டப்புறம் வாய் வரல." முழங்காலைத் தடவிக்கொண்டே மறுபடி சொன்னார்: "உங்க நெட்டை சரியான ஆளுங்க. நம்ம ரெண்டு பேரையும் நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் மாட்டி விட்டுட்டுப் போயிருக்கார்."

பிரேக்குக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டூலில் காலை நீட்டிப் படுத்திருந்த அந்த நீள உடம்பும், சிரிக்கப் போய் இருமியதும் அப்படியே கண்ணில் வந்து நின்றன. தொகை வரவில்லை. முகம்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நெட்டை இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அவனுக்காக அவர் அழுதது அன்றுதான். மனைவி வந்து, காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.